புதன்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு குவெரி

பிழைச் செய்தி காட்டும் குவெரியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்விதான் குவெரி; தப்பாகக் கேட்டால் திரை முழுக்கச் சிவப்பாகக் கத்தும். எந்த வரியில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். திருத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். எனக்குப் பயம் எல்லாம் வாயே திறக்காத குவெரியிடம்தான். கேட்டதற்குப் பதில் சொல்லும். பதிலும் சரியாக இருக்கும். ஊரில் மட்டும் தப்பு நடந்து முடிந்திருக்கும்.

அப்படி ஒன்றைத்தான் அன்று காலை எங்கள் ஓனர் என் முன்னால் வைத்தார். ஆபீஸ் வில்லியனூரில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கடைகள், டிராவல்ஸ், சின்ன ஸ்கூல்கள் என்று கேட்பவர்களுக்கு வெப்சைட் செய்து தருவோம். எனக்குக் கொடுத்திருந்த பெயர் சப்போர்ட். யாரோ எழுதியது உடைந்தால் உட்கார்ந்து ஒட்டுவதற்கு அங்கே அதுதான் பெயர்.

"மண்டபத்துக்காரர் காலையிலேர்ந்து கத்துறாருடா. டபுள் புக்கிங் ஆயிடுச்சாம். ஒரே சாயங்காலத்துக்கு ரெண்டு பார்ட்டி. மேடைக்கு அளவு எடுக்க டெகரேஷன்காரன் வந்தப்பதான் தெரிஞ்சிருக்குது. இன்னான்னு பாரு."

"எந்தக் கல்யாணம் சார்?"

"வியாழக்கிழமை முகூர்த்தம். ஜவுளிக்கடைக்காரங்க வூட்டுது. மொதல்ல பாரு, கேள்வி அப்பறம் கேளு."

வியாழக்கிழமை என்றதும் எனக்கு மனசு லேசானது. அதே மண்டபத்தில், அதே வாரம் புதன்கிழமை, எங்கள் அக்காவின் கல்யாண ரிசப்ஷன். நல்லவேளை, மாட்டிக்கொண்டது வேறு யாரோ என்று நினைத்தபடிதான் கீபோர்டில் கை வைத்தேன்.

அந்த மண்டபம் எங்களுக்குக் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். பாகூர் பக்கம் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் காலையில் மாதா கோயிலில் பூசை, தாலி. சாயங்காலம் தெருவை மறித்துப் பந்தல். பக்கத்து வீட்டுக் கூரையில் சீரியல் பல்பு தொங்கும். மண்டபம் கேட்டுப் போனவர்கள் இல்லாமல் இல்லை. போய்க் கேட்டால் மேனேஜர் எந்தத் தெரு என்பார். சொன்னால், "அடடா, அன்னிக்குக் காலி இல்லப்பா" என்பார். அந்தத் தேதியில் பஸ்ஸில் போகும்போது பார்த்தால் மண்டபம் இருட்டாகக் கிடக்கும். அதைப் பற்றி யாரும் சண்டைக்குப் போனதில்லை. காலி இல்லை என்றால் காலி இல்லை.

பிறகு அந்த மண்டபத்துக்கு எங்கள் ஆபீஸ் வெப்சைட் செய்தது. தேதியைத் தொட்டால், காலியாக இருந்தால் பச்சை; அப்புறம் பேர், போன் நம்பர், அட்வான்ஸ், கன்ஃபார்ம். எந்தத் தெரு என்று அது கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு வாசலில் உட்கார்ந்து என் போனிலேயே புதன்கிழமையைத் தொட்டேன். பச்சை. நைனா பேரைப் போட்டேன். கன்ஃபார்ம் என்று வந்தது. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குடுத்துட்டாங்களா?" என்றார். "குடுத்துட்டாங்க நைனா" என்றேன். "யாரையும் பாக்காமலேவா?" என்றார். நான் சிரித்தேன். காலேஜ் போனதற்கு அன்றைக்குத்தான் வீட்டில் ஒரு பலன் தெரிந்தது போல இருந்தது. அந்த காலேஜ் ஃபீஸில் பாதி, எட்டாவதோடு நின்றுவிட்டுப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குப் போன அக்காவுடையது.

சரி, குவெரிக்கு வருகிறேன்.

முதலில் தேதி எழுதும் முறையைப் பார்த்தேன். நாள் முன்னால், வருஷம் முன்னால் என்று மாறிப்போய் வரும் கோளாறு சாதாரணம். அது சரியாக இருந்தது. பழைய பக்கம் பிரவுசரில் தங்கியிருந்து பச்சையாகக் காட்டியிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அப்புறம், வெப்சைட்டின் கோட் அனுப்பும் குவெரியைத் திரையில் எழுத்தாக அச்சிடச் சொல்லி, அதை அப்படியே எடுத்து டேட்டாபேஸில் நேராக ஓட்டினேன். வெப்சைட் சொல்வதை நம்பாதே, அது உண்மையில் என்ன கேட்கிறது என்று பார். இதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, அடிபட்டுக் கற்றுக்கொண்டது. குவெரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தத் தேதியில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா? கடைசியாக, ஒரே தேதியில் ஒன்றுக்கு மேல் புக்கிங் இருந்தால் எல்லாவற்றையும் காட்டு என்று நானே ஒரு குவெரி எழுதினேன்.

ஒன்றும் வரவில்லை. ஒரு வரிகூட இல்லாத வெறும் டேபிள்.

"சார், டபுள் புக்கிங்கே கிடையாது. டேட்டா கிளீனா இருக்குது" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

"அப்ப அவுரு இன்னா பைத்தியமா? மேனேஜருக்குப் போன் போடு."

போட்டேன். மேனேஜர் சலிப்பாகப் பேசினார். "இன்னாத்த கிளீனு? புதன்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன்னு இந்த ஜவுளிக்கடைக்காரங்க வராங்க. அதே சாயங்காலம் ஒரு சர்ச் பார்ட்டி நிக்குது. பாகூர் பக்கமாம். நான் யாரைப்பா உள்ள வுடறது?"

போனை வைத்த பிறகும் அந்த வெறும் டேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயம் அது. முகூர்த்தக் கல்யாணம் வியாழக்கிழமை என்றால் மண்டபம் புதன்கிழமை மதியத்துக்கு மேல் அவர்கள் கைக்கு வந்துவிடும். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன், டிபன். மறுநாள் விடியலில் தாலி, மதியச் சாப்பாட்டோடு காலி செய்வார்கள். எங்கள் கோயில் கல்யாணம் தலைகீழ். காலையில் கோயிலில் முடித்துக்கொண்டு, அன்று சாயங்காலம்தான் மண்டபத்துக்கு வருவோம். அவர்கள் கல்யாணத் தேதி வியாழன், எங்கள் தேதி புதன். இரண்டு பேருக்கும் வேண்டியது புதன் சாயங்காலம். டேட்டாபேஸில் தேதி வேறு வேறு. குவெரியைப் பொறுத்தவரை ஒருவரோடு ஒருவர் மோதவே இல்லை.

அந்த கோட் ஒரு டிராவல்ஸின் வேன் புக்கிங்குக்கு எங்கள் ஓனர் முன்பு எழுதியது. அதையே எடுத்துப் பெயர்ப்பலகை மாற்றி மண்டபத்துக்கு வைத்திருந்தார். டேபிளில் மண்டபத்தின் பெயர் வண்டி நம்பர் என்ற கட்டத்தில்தான் இருந்தது. வேன் அன்றைக்குப் போய் அன்றைக்குத் திரும்பிவிடும். அதற்கு மாப்பிள்ளை அழைப்பு கிடையாது.

வெப்சைட் செய்யும்போதே இதற்கு வழி இருந்தது. சர்ச்சா, முகூர்த்தமா என்று ஒரு கேள்வி வைக்கலாம் என்று மேனேஜர் சொன்னார். மண்டபத்துக்காரர்தான் வேண்டாம் என்றார். "அதெல்லாம் வெப்சைட்டுல கேக்காதீங்க. எவனாவது போட்டோ புடிச்சிப் போட்டா நமக்குக் கெட்ட பேரு." எங்கள் ஓனர் "கரெக்ட்ணே" என்றார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். கேட்காமல் இருப்பதே நல்லது என்று அன்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். நேரில் கேட்பதை எல்லாம் கேட்டுக்கொண்டு திரையில் மட்டும் கேட்க வெட்கப்படுகிற மனிதர்கள் அவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டார். கெட்டிக்காரர்தான்.

"ரெண்டுல மொதல்ல புக் பண்ணது யாரு?"

"நாங்க சார்."

"நாங்கன்னா?"

"புதன்கிழமை எங்க அக்கா கல்யாணம் சார். பத்திரிக வச்சனே ஒங்களுக்கு."

ஓனர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. "அட, நீங்கதானா அது? அப்ப பிரச்சனையே இல்ல" என்றார்.

நான் அதை நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் மண்டபத்துக்காரரே படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் போன். உட்கார்ந்ததும் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை.

"நீதான் அந்தப் பையனா? ஒங்க ஓனர் சொன்னாரு. வெளியாளா இருந்தா நானே வூட்டுக்குப் போயி கையப் புடிச்சி மன்னிப்பு கேட்டிருப்பேன். நீ நம்ம பையன். ஒங்கிட்ட எனக்கு இன்னா?"

டீ வந்ததும் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

"இதோ பாரு. புதன்கிழமை மதியம் மூணு மணி வரைக்கும் மண்டபம் ஒங்களுதுதான். கோயில் முடிஞ்சதும் நேரா வாங்க. மேடையில நில்லுங்க, போட்டோ எடுங்க, சாப்புடுங்க. ஏசி போட்டுத் தரேன். மூணு மணிக்கு அவங்க ஆளுங்க வந்துருவாங்க."

"சார், புதன்கிழமை மதியம் எங்களுக்கு ஆளே வராது சார். எங்க சொந்தக்காரங்க பாதிப் பேரு திருபுவனைல கம்பெனி வேலை. ஷிப்ட் வுட்டாத்தான் வருவாங்க. அக்காகூட வேலை செய்யறவங்களும் டூட்டி முடிச்சிட்டு அப்படியே பஸ் ஏறி வரதாச் சொல்லி இருக்காங்க. பத்திரிகையிலயும் சாயங்காலம்னு போட்டாச்சி."

"ஒரு நாளு லீவு போட மாட்டாங்களா?"

"கூலி போயிடும் சார்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே எங்கள் ஓனர் பக்கம் திரும்பினார். கடைசியாக இருந்த ஒரே வார்த்தையை நான் சொல்லிப் பார்த்தேன்.

"மொதல்ல புக் பண்ணது நாங்க சார். அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே."

"தம்பி," என்று ஓனரைக் கேட்டார் அவர், "இது என் மண்டபத்து தப்பா, ஒங்க கம்ப்யூட்டர் தப்பா?"

"எங்க தப்புதாண்ணே."

"கேட்டுக்கினியா?" என்று என்னைப் பார்த்தார். "ஒங்க ஆபீஸு தப்பு. அதுக்கு நான் எதுக்கு ஜவுளிக்கடைக்காரங்க வூட்டு வாசல்ல போயித் தல குனியணும்? நீங்கதான அட்ஜஸ்ட் பண்ணணும்?"

எங்கள் என்று ஓனர் சொன்னபோது அதில் நானும் இருந்தேன். வேன் கோட் எழுதியவர் அவர். மூட்டை தூக்கும் நைனாவின் பேரில், முதலில் தொட்டவன் நான். இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டார். அந்த ஆபீசில் வேலை பார்க்காமல் எங்கோ கொத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அந்த மண்டபத்துக்காரர் பாகூருக்கு வந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் எங்கள் வாசலில் நின்று பொய்யாவது சொல்லியிருக்க வேண்டும். நம்ம பையனாகிவிட்டதால் ஒரு டீயோடு முடிந்துபோனது.

அவர் இறங்கிப் போனதும் ஓனர் சொன்னார்: "இத இன்னிக்கே ஃபிக்ஸ் பண்ணிடு. இன்னும் எத்தன முகூர்த்தத்துல இப்பிடி மாட்டியிருக்குதோ."

உட்கார்ந்தேன். வேலை கடினமானது இல்லை. தேதி என்ற ஒரு கட்டத்துக்குப் பதில் எப்போது மண்டபம் கைக்கு வருகிறது, எப்போது விடுகிறார்கள் என்று இரண்டு கட்டம். புதிதாக வருபவர் முடிப்பதற்குள் பழையவர் தொடங்கிவிடுகிறார், புதியவர் தொடங்கும்போது பழையவர் இன்னும் முடிக்கவில்லை என்றால் அது மோதல். இவ்வளவுதான். இந்த இரண்டு நிபந்தனையைச் சேர்த்ததும் குவெரி மனிதர்களைப் போல யோசிக்கத் தொடங்கியது. பழைய புக்கிங்குகளுக்கு நேரத்தை மேனேஜர் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார், போட்டுக்கொண்டே வந்தேன்.

நைனா பேருக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"பத்துலேர்ந்து மூணுன்னு போடு" என்றார் ஓனர், பின்னால் நின்றபடி.

"வூட்ல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடறேன் சார்."

அந்த இரண்டு கட்டத்தையும் வெற்றாக விட்டுவிட்டு, புதன் சாயங்காலம் காலியா என்று சும்மா சோதித்துப் பார்த்தேன். ஜவுளிக்கடைக்காரர்கள் பேர் மட்டும் வந்தது. இது எனக்குத் தெரிந்ததுதான், படித்திருக்கிறேன். கட்டம் வெற்றாக இருந்தால் ஒப்பிட ஒன்றும் இல்லை. குவெரி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். பிழை என்று சொல்லாது. மோதுகிறது என்றும் சொல்லாது. நைனா டேபிளில் இருந்தார். கேள்விக்குள் மட்டும் இல்லை.

ஓனர் இன்னொன்றும் செய்யச் சொன்னார். இனிமேல் புக்கிங் நேராகக் கன்ஃபார்ம் ஆகக் கூடாது. கேட்பவர் ஊரும் தெருவும் போட வேண்டும். மேனேஜர் பார்த்து ஓகே கொடுத்தால்தான் பச்சை மாறும். "அவுரு கேக்குறாரு, நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். அதையும் செய்தேன். சின்ன வேலை. டீ நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. நைனா உடனே தலையாட்டிவிட்டார்.

"மத்தியானமே வச்சிக்கலாம். அதுக்கு இன்னா. மண்டபம் மண்டபந்தான். நீ அவங்ககிட்ட ஒண்ணும் எதுத்துப் பேசலையே?"

"இல்ல நைனா."

"பேசாத. வேல முக்கியம்."

அக்கா அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படியே நின்று கேட்டாள்.

"மூணு மணிக்கு இன்னா ஆவும்?"

"அவங்க ஆளுங்க வருவாங்க."

"வந்து? எழுந்து போங்கன்னு சொல்வாங்களா? நான் மாலையும் கழுத்துமா நிக்கறப்ப மேடைல இருக்கற பூவப் பிச்சிக்கினு இருப்பாங்களா?"

"கோயில்ல ஓலை வாசிச்சி ஊருக்கே கல்யாணத்த அறிவிச்சாச்சிம்மா," என்றார் நைனா. "சாமியார்கிட்டப் போயித் தேதி மாத்த முடியாது. மாப்பிள்ள வூட்லயும் மண்டபம்னு சொல்லி இருக்குது. கொஞ்சம் பொறுத்துக்கினு..."

"தேதிய யாரு மாத்தச் சொன்னா? பந்தல் போடுங்க. சாயங்காலம்னு சொல்லி இருக்கோம், சாயங்காலமே வரட்டும். மாப்பிள்ள வூட்ல நான் பேசிக்கிறேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு நீ வேலைக்குப் போவியா?"

"போவணும்க்கா."

"போ. போயி அதுலேர்ந்து நைனா பேர எடுத்துடு. அவங்க எடுக்கறதுக்கு முன்னாடி நீ எடு."

அவள் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அதைச் செய்தேன். பேரை அழிக்கவில்லை, நிலை என்ற கட்டத்தில் ரத்து என்று மாற்றினேன். ஒரு வரி மாறியது என்று திரை சொன்னது. ஓனரிடம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "நீ நல்ல பையன்டா" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டார். அட்வான்ஸ் திரும்பி வந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

புதன்கிழமை காலை கோயிலில் எல்லாம் நன்றாக நடந்தது. சாயங்காலம் தெருவை மறித்துப் பந்தல். ஷிப்ட் முடிந்து கம்பெனிச் சட்டையோடே வந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் தோழிகள் கூட்டமாக பஸ்ஸில் இறங்கி, பின்பக்கம் எங்கள் அறையில் சேலை மாற்றிக்கொண்டு மேடை ஏறினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் மட்டும் முதல் பந்தி முடியும்வரை ஒரு இறுக்கம். அக்கா அவர்களைப் பார்த்தும் சிரித்தாள், எல்லோரையும் பார்த்தும் சிரித்தாள். என்னைப் பார்த்தபோது மட்டும் கண்ணை வேறு பக்கம் கொண்டுபோனாள்.

மடுகரையிலிருந்து வந்திருந்த சித்தப்பா பந்தியில் உட்கார்ந்தபடியே நைனாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாண்ணே, மண்டபம்னு சொன்ன? வில்லியனூர் போயித் திரும்பி வரேன் நானு. அங்க வேற யாரோ மேளம் அடிச்சிக்கினு இருக்கான்."

"கம்ப்யூட்டர் மிஸ்டேக் ஆயிடுச்சிப்பா" என்றார் நைனா.

"கம்ப்யூட்டரா?" சித்தப்பா இலையிலிருந்து நிமிர்ந்து என்னைத் தேடிப் பிடித்தார். "டேய், நீ கம்ப்யூட்டர் வேலதானடா பாக்குற? ஒன்ன வச்சிக்கினே மிஸ்டேக்கா? நல்லாப் படிச்சடா போ!"

பந்தி முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. கல்யாண வீட்டுச் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கம்ப்யூட்டரில் எங்கள் பேர்தான் முதலில் இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் இங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்பது. அதற்கு நைனாவை வைத்துக்கொண்டு என்னால் பதில் சொல்ல முடியாது. அவர் மட்டும் சிரிக்காமல் நின்றார்.

"அங்க நின்னுக்கினு இன்னா பண்ற?" என்று என்னை அதட்டினார். "அந்தக் கோடி எலைங்களுக்கு இன்னும் பாயாசம் வரல. எடுத்துக்கினு போ."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.